பதிவைத் தடுப்பவர்கள் பாடத்தைத் தடுக்கிறார்கள்

கர்நாடக இசை சொல்லிக்கொடுக்கும் பல வீடுகளில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: பாடத்தைப் பதிவு செய்யக் கூடாது. கெஞ்சிக் கேட்டால் ஒலிப்பதிவுக்குச் சிலர் சம்மதிப்பார்கள். காணொளி என்றால் பேச்சுக்கே இடமில்லை. புதிதாகச் சேரும் நாளிலேயே கைபேசியைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிடுவார்கள். பெற்றோரும் இதைக் கண்டிப்பான குருவின் அடையாளமாக எண்ணி மகிழ்கிறார்கள். நானும் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் பாடங்கள் காணொளியாகப் பதிவாகின்றன. இந்த விதி தவறு என்பது மட்டுமல்ல, மாணவர்களுக்குக் கேடு செய்கிறது என்பதே என் கட்சி.

எதிர்த்தரப்பை முதலில் அவர்கள் சொல்கிறபடியே சொல்லிவிடுகிறேன். இந்த இசை வாய்வழியாக வந்தது. குரு பாட, சிஷ்யர் கேட்டுத் திருப்பிப் பாட, தவறும் இடத்தில் திருத்தப்பட்டு, பாட்டு உடம்பில் ஏறியது. பதிவு கையில் இருக்கிறது என்ற நினைப்பே வகுப்பில் கவனத்தைத் தளர்த்தும். 'அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்' என்று மனம் ஒதுங்கிவிடும். நினைவாற்றல் வளராது. தொண்டை சரியில்லாத ஒரு நாளில் குரு பாடியது நிலைத்து, அதுவே பிரமாணமாகிவிடும். மாணவர் குருவின் நகலாவார். பதிவு கைமாறிக் கைமாறிப் போய், தலைமுறைகளாகக் காத்த பாடாந்தரம் தெருவுக்கு வரும். மேடைக் காணொளியோ குழந்தைகளின் மனத்தைப் பாட்டிலிருந்து பாராட்டின் பக்கம் திருப்பும். இப்படிச் சொல்பவர்களில் வாழ்நாளையே இசைக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கவலைகளில் ஒன்றும் போலி அல்ல. ஆனால் இவற்றிலிருந்து அவர்கள் போய்ச் சேரும் முடிவு, ஒவ்வொரு படியிலும் பிழையானது.

1. குருகுலத்தைக் காட்டிப் பதிவை மறுப்பவர், குருகுலத்தைத் தருகிறாரா?

குருகுல மாணவர் பாட நேரத்தில் மட்டும் கேட்டு வளரவில்லை. விடியற்காலையில் குரு சாதகம் செய்தபோது கேட்டார். வேறொரு சிஷ்யருக்குப் பாடம் நடந்தபோது கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். கச்சேரிக்குக் கூடவே போய்த் தம்புரா மீட்டினார், பின்பாட்டுப் பாடினார். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடம் கே.வி. நாராயணசாமி கற்றது அப்படித்தான். ஒரே கீர்த்தனை மறுபடியும் மறுபடியும், வேறு வேறு மனநிலையில், வேறு வேறு காலப்பிரமாணத்தில் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்த மாணவருக்குப் பதிவு தேவைப்படவில்லை. குருவின் குரல் எப்போதும் காதுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

இன்றைய மாணவரின் கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு முக்கால் மணி நேரம். பண்டிகை, தேர்வு, குருவின் வெளியூர்க் கச்சேரிகள் என்று விடுபடுவதையும் கழித்தால் ஆண்டு முழுவதற்கும் 75 மணி நேரம் தேறாது. குருகுலத்தில் அது சில வாரங்களின் கேள்வி. அந்த 75 மணியிலும் குழுவில் மற்றவர்கள் பாடும் நேரம் போக, குருவின் வாயிலிருந்து நேராகக் கேட்பது இன்னும் குறைவு. குருகுலத்தின் கேள்வியையும் தராமல், அதன் இடத்தில் வைக்கக்கூடிய பதிவையும் தராமல், குருகுலத்தின் பெயரால் இரண்டையும் மறுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும். திங்களன்று ஒரு குழந்தை சங்கராபரணத்தில் புதிய சங்கதி ஒன்றைக் கற்கிறது. செவ்வாயன்று அது முக்கால்வாசி நினைவிருக்கிறது. புதனன்று, நினைவில் நிற்காத இடத்தைக் குழந்தை தானாகவே எதையோ போட்டு நிரப்பிக்கொள்கிறது. வியாழனன்று அந்த நிரப்பலை உண்மையான பாடம் என்று நம்பி, ஒழுங்காக உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சாதகம் செய்கிறது. சோம்பேறிக் குழந்தைக்கு இந்த ஆபத்து குறைவு. உழைக்கிற குழந்தைக்குத்தான் அதிகம். அடுத்த வகுப்பில் ஆசிரியர் புதிய பாடம் எடுப்பதில்லை, படிந்துபோன பிழையைக் கலைக்கிறார். கலைப்பது கற்பிப்பதைவிடக் கடினம் என்பது சொல்லிக்கொடுக்கும் எல்லாருக்கும் தெரியும். இரண்டு நிமிடக் காணொளி ஒன்று செவ்வாய்க்கிழமையே இதைத் தடுத்திருக்கும்.

இதில் இன்னொரு அநீதி ஒளிந்திருக்கிறது. பாடத் தெரிந்த அம்மாவோ பாட்டியோ இருக்கும் வீட்டில், சமையலறையிலிருந்தே 'அங்கே காந்தாரம் அப்படி இல்லை' என்று ஒரு குரல் வரும். பரம்பரையில் யாரும் பாடியிராத வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் குரல் கிடையாது. பதிவு கூடாது என்ற விதி சங்கீதக் குடும்பத்துப் பிள்ளையைத் தொடுவதே இல்லை. வெளியிலிருந்து இந்தக் கலைக்குள் நுழையும் பிள்ளையை மட்டும்தான் அது தண்டிக்கிறது. இந்த இசை சில வட்டங்களைத் தாண்டிப் பரவவில்லையே என்று மேடையில் வருந்துபவர்கள், தங்கள் வகுப்பறைக் கதவில் ஒட்டியிருக்கும் இந்த விதியை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.

2. நினைவாற்றல் கெடுமா? நோட்டுப் புத்தகத்தை மட்டும் ஏன் அனுமதித்தீர்கள்?

கைபேசியைத் தடுக்கும் அதே வகுப்பில் எல்லாக் குழந்தைகள் மடியிலும் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஸ்வரமும் சாகித்யமும் எழுதிக்கொள்ள யாரும் தடை சொல்வதில்லை. நினைவுக்கு வெளியே வைக்கும் எதுவும் நினைவைக் கெடுக்கும் என்றால் நோட்டுப் புத்தகமும் கெடுக்கத்தானே வேண்டும்? உண்மையில் அது கூடுதலாகவே கெடுக்கிறது. 'க' என்று எழுதிய எழுத்தில் கமகம் இல்லை. தோடியின் 'க' அசைகிற அசைவும் மோகனத்தின் 'க' நிற்கிற நிலையும் தாளில் ஒன்றாகவே தெரியும். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டபோது ஸ்வரத்தோடு கமகங்களுக்கென்று தனிக் குறிகளையும் சேர்த்து அச்சிட்டார். வெறும் ஸ்வரம் போதாது என்று அந்த மகான் அறிந்திருந்தார். நாம் குழந்தைகளுக்குக் கொடுப்பது குறிகள்கூட இல்லாத வெறும் ஸ்வரம். மோசமான பதிவை அனுமதித்து நல்ல பதிவைத் தடை செய்கிறோம்.

'அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்' என்ற அலட்சியம் வரும் என்பது உண்மைதான். அதற்கு மருந்து, பதிவைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லிக்கொடுப்பது. என் மாணவர்களுக்கு நான் சொல்வது இது: வீட்டுக்குப் போனதும் பதிவைத் திறக்காதே. முதலில் நினைவிலிருந்து வாசி. எங்கே தடுமாறினாய் என்று குறித்துக்கொள். பிறகு அந்த இடத்தை மட்டும் பார். பார்த்ததும் மூடிவிட்டு மறுபடி நினைவிலிருந்து வாசி. இந்த வரிசையில் போனால் நினைவு கூர்மையாகிறது, ஏனென்றால் அது ஒவ்வொரு நாளும் சோதிக்கப்படுகிறது. பதிவு இல்லாத மாணவருக்கு இந்தச் சோதனை வகுப்பு நாளில் மட்டும், குருவுக்கு முன்னால், பயத்தோடு நடக்கிறது.

பதிவைக் கேட்டு வளர்ந்தவர்கள் சோடை போனார்கள் என்று வரலாறும் சொல்லவில்லை. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் அடங்கும் என்றிருந்த காலத்திலேயே அதைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டுப் பாட்டுக் கற்றவர்கள் உண்டு. சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கிய பிறகு ஊர் ஊராக வானொலிப் பெட்டிகளின் முன்னால் இசை வளர்ந்தது. பிறகு ஸ்பூல் டேப் வந்தது, கேசட் வந்தது. சபா மூலைகளில் ரசிகர்கள் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்து பதிவு செய்ததால்தான் ஜி.என்.பி.யின் வேகமும் எம்.டி. ராமநாதனின் நிதானமும் இன்றைய மாணவருக்குக் கிடைக்கின்றன. வகுப்பில் பதிவு வேண்டாம் என்று சொல்லும் வித்வான்களில் பலர், அந்தப் பதிவுகளை வீட்டில் போற்றி வைத்துக் கேட்கிறவர்கள். தாங்கள் உண்டு வளர்ந்ததை அடுத்தவருக்கு விஷம் என்பது எப்படி?

நகலாவார் என்ற அச்சத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ஒரே ஒரு பதிவு இருந்தால் அது பிரமாணமாக இறுகும். ஒரே வர்ணத்தை மூன்று மாத இடைவெளிகளில் ஆசிரியர் வாசித்துக் காட்டிய நான்கு பதிவுகள் இருந்தால், அவரே ஓரிடத்தை நான்கு விதமாக எடுப்பது மாணவருக்குத் தெரியும். எது மாறாதது, எது மாறலாம் என்ற அறிவு அங்கேதான் பிறக்கிறது. நகலாகிவிடும் பயம் இருப்பவர் குறைவாக அல்ல, நிறையப் பதிவு செய்ய வேண்டும்.

3. 'ஒலி போதும், படம் எதற்கு?' என்பவர் வாத்தியம் வாசித்ததில்லை.

அல்லது வாசித்தும் தன் கையைக் கவனித்ததில்லை. வீணையில் ஒரு ஸ்வரத்தை அதற்குரிய மெட்டில் விரல் வைத்தும் எழுப்பலாம், கீழ் மெட்டில் விரல் வைத்துத் தந்தியை இழுத்தும் எழுப்பலாம். காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆனால் பாணிக்குப் பாணி வேறுபடுவது இந்தத் தேர்வில்தான். எந்த மெட்டில், எந்த விரலால், எவ்வளவு இழுத்தார் என்பதை ஒலிப்பதிவு சொல்லாது. மாணவர் தவறான மெட்டில் அதே ஸ்வரத்தைக் கண்டுபிடித்து, சரியாக வந்துவிட்டதாக எண்ணி மாதக்கணக்கில் சாதகம் செய்வார்.

வயலினில் இது இன்னும் கூடுதல். நாம் தரையில் உட்கார்ந்து, சுருள்முனையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கிறோம். தோள் எப்படி இருக்கிறது, வில்லின் எந்தப் பகுதியில் சங்கதி தொடங்குகிறது, ஒரே வில்லில் எத்தனை ஸ்வரம், எங்கே வில் திரும்புகிறது, ஜாருவில் விரல் தந்தியை விட்டு எழுகிறதா அழுத்தியபடியே வழுக்குகிறதா என்பவை எல்லாம் கண்ணால் கற்பவை. வகுப்பில் நான் வாசிக்கும்போது மாணவி என் இடக்கையைப் பார்க்கிறாள். அந்த நேரத்தில் வில் அவள் கண்ணில் படாது. வலக்கையைப் பார்த்தால் விரல் தப்பிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கப் பத்து வயதுக் குழந்தையால் ஆகாது. காணொளியில் ஒரு முறை இடக்கைக்காக, ஒரு முறை வில்லுக்காக என்று இரண்டு முறை பார்க்கலாம். வேகத்தைப் பாதியாக்கியும் பார்க்கலாம். இதை நேர்முகப் பாடம் எவ்வளவு சிறந்ததானாலும் தர முடியாது.

மிருதங்கத்தில் வலந்தலையின் எந்த இடத்தில் எந்த விரல் விழுகிறது, தொப்பியில் கும்கி எழும்போது மணிக்கட்டு எப்படி நகர்கிறது என்பதும் அப்படியே. நாகசுரத்தில் சீவாளியை உதடு பிடிக்கும் பிடியை நூறு முறை வாயால் சொன்னாலும் புரியாது. வாய்ப்பாட்டுக்குப் படம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஒரு குழந்தை கல்பனாஸ்வரம் பாடும் காணொளியைப் பார்க்கட்டும். தாளம் போடும் கை எந்த ஆவர்த்தனத்தில் தயங்கிற்று, தாடை எங்கே இறுகிற்று, மூச்சு எங்கே திருடப்பட்டது என்று எல்லாம் தெரியும். வகுப்பில் ஆசிரியரே தவறவிடும் இடங்கள் இவை. அவருடைய கவனம் ஸ்வரத்தில் இருக்கும்.

கடல் கடந்து கற்கும் மாணவர்களுக்கு இது வசதி அல்ல, அடிப்படைத் தேவை. டொராண்டோவில் இருக்கும் பிள்ளையும் சென்னையில் இருக்கும் ஆசிரியரும் இணையத்தில் சேர்ந்து பாட முடியாது. ஒலி போய்ச் சேர எடுக்கும் தாமதம் ஒரு நொடியின் சிறு துண்டானாலும் தாளம் கலைந்துவிடும். போதாக்குறைக்கு, அழைப்புச் செயலிகள் தம்புராவின் இடைவிடாத நாதத்தைப் பின்னணி இரைச்சல் என்று கருதி வெட்டிவிடுகின்றன. குருவோடு சேர்ந்து பாடும் அனுபவத்துக்கு அந்தப் பிள்ளைக்கு மிஞ்சும் ஒரே வழி, பதிவை ஓடவிட்டு அதனோடு பாடுவது. 2020இன் ஊரடங்கில் வேறு வழியின்றி இதை ஏற்ற ஆசிரியர்கள், நேர் வகுப்பு திரும்பியதும் கதவை மறுபடி சாத்திக்கொண்டதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

4. பதிவு செய்வதும் ஊருக்குப் பரப்புவதும் ஒன்றா?

பாடாந்தரம் களவுபோகும் என்ற வாதம் இந்த இரண்டையும் குழப்புவதால் மட்டுமே நிற்கிறது. என் அனுமதியின்றி என் பாடத்தை யூடியூபில் ஏற்றினால் எனக்கும் கோபம் வரும். சட்டமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம் நிகழ்த்துநர் உரிமையைக் கொண்டுவந்தது. அதே சட்டத்தின் 39ஆவது பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகவும் உண்மையான கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்காகவும் செய்யும் பதிவு அந்த உரிமையை மீறியதாகாது என்கிறது. பரப்புவதைத் தடுங்கள், நானும் கூட நிற்கிறேன். அதைத் தடுப்பதற்காக மாணவரின் சாதகத்தை ஏன் பறிக்கிறீர்கள்?

பாடாந்தரத்தைப் பூட்டி வைத்துக் காப்பது என்பதே எனக்கு உடன்பாடில்லாத எண்ணம். மைஹரில் வாழ்ந்த உஸ்தாத் அலாவுதீன் கானின் பிள்ளைகள் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் அலி அக்பர் கான் 1967இல் கலிபோர்னியாவில் இசைக் கல்லூரி தொடங்கினார். அங்கே அவர் எடுத்த வகுப்புகள் பல பத்தாண்டுகள் பதிவு செய்யப்பட்டன. அவர் 2009இல் மறைந்த பிறகும் ஒரு மாணவர் அந்தப் பாடங்களுக்குள் போய் உட்காரலாம். மகள் அன்னபூர்ணா தேவி மேடையைத் துறந்தார், பதிவையும் விரும்பவில்லை. ஹரிபிரசாத் சௌராசியா போன்றவர்களை உருவாக்கிய அந்த ஆசிரியை 2018இல் மறைந்தபோது, அவருடைய சுர்பஹார் வாசிப்பைக் கேட்க உலகுக்கு மிஞ்சியவை ஒரு சில பழைய பதிவுகள் மட்டுமே. அது அவருடைய முடிவு, அதை மதிக்கிறேன். ஆனால் இழப்பு இழப்புதான். ஒரே தந்தையின் ஒரே கல்வி, ஓரிடத்தில் அடுத்த தலைமுறையின் கையில் இருக்கிறது, இன்னோரிடத்தில் பெரும்பாலும் சிஷ்யர்களின் நினைவில்தான் இருக்கிறது. சிஷ்யர்களும் சாகாவரம் பெற்றவர்கள் அல்லர்.

எட்டயபுரத்துக்கே திரும்பினால், முத்துசுவாமி தீட்சிதரின் பாடாந்தரத்தைக் குடும்பச் சொத்தாக வைத்திருந்தவர் சுப்பராம தீட்சிதர். அவர் அதை வெளியிடத் தூண்டியவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். இந்தத் தூண்டுதல் இல்லாமல் குடும்பத்துக்குள்ளேயே அது நின்றிருந்தால் இன்று எத்தனை கிருதிகள் நம்மிடம் இருந்திருக்கும்? அச்சில் ஏறியதால் தீட்சிதரின் இசை மலிந்துபோனதாக இன்று யாரும் சொல்வதில்லை.

5. குழந்தை தன் மேடையைத் தானே பார்க்கக் கூடாதா?

மேடைக் காணொளி விஷயத்தில் எதிர்த்தரப்பின் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. நவராத்திரிக்கும் மார்கழிக்கும் குழந்தை பாடிய பத்து நிமிடத்தை அன்றிரவே வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி, வந்து குவியும் பாராட்டுகளைக் குழந்தைக்கே படித்துக் காட்டும் பெற்றோர் அதன் காதைக் கெடுக்கிறார்கள். தவறு அனுப்பியதில் இருக்கிறது, எடுத்ததில் இல்லை.

மேடையில் பாடும்போது தன் குரல் தனக்குக் கேட்பதும் எதிரே கேட்பதும் வேறு. பதற்றத்தில் காலப்பிரமாணம் ஏறியதை அந்த நேரத்தில் எந்தக் குழந்தையும் உணர்வதில்லை. இறங்கியதும் 'நன்றாகப் பாடினேன்' என்றோ 'எல்லாம் போச்சு' என்றோ ஒரு முடிவுக்கு வந்துவிடும். இரண்டுமே பெரும்பாலும் தவறு. சில நாள் கழித்து, பரபரப்பு அடங்கிய பிறகு, ஆசிரியரோடு உட்கார்ந்து அந்தக் காணொளியைப் பார்க்கும் அரை மணி நேரம் இரண்டையும் திருத்துகிறது. மேல் ஸ்தாயி சட்ஜத்தில் சுருதி விலகியதைத் தானே கேட்டுக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அதை நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. 'எல்லாம் போச்சு' என்று அழுத பிள்ளைக்கு, ஒரு இடறலைத் தவிர மீதியெல்லாம் நின்றது என்று வாயால் எத்தனை சொன்னாலும் ஏறாது, பார்த்தால் ஏறும். அதனால் ஒரே ஒரு கேமரா, அசையாமல், இரண்டு கையும் முகமும் தெரியும்படி இருந்தால் போதும். அரங்கேற்றத்துக்குக் கல்யாண வீடியோ எடுப்பவர்களை அழைத்துப் பூவையும் விருந்தினரையும் எடுப்பதால் மாணவருக்கு ஒரு பயனும் இல்லை.

6. மூடிய அறைக்கு யார் பொறுப்பு?

இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். ஒரு குழந்தையும் ஒரு பெரியவரும் தனியாக, கதவு சாத்திய அறையில், கேள்வி கேட்க முடியாத மரியாதை நடுவில் இருக்க, வாரந்தோறும் உட்காருவதுதான் நம் பாடமுறை. 2018இல் கர்நாடக இசையுலகில் எழுந்த மீடூ குற்றச்சாட்டுகளும், அந்த ஆண்டு டிசம்பர் விழாவிலிருந்து மியூசிக் அகாடமி சில கலைஞர்களை விலக்கியதும் நடந்தவை. கேமரா வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் நடப்பதைப் பெற்றோர் பின்னால் பார்க்க வாய்ப்பிருக்கும் ஏற்பாட்டை, ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாத ஆசிரியர் ஏன் மறுக்க வேண்டும்? குழந்தைகளைத் திட்டும் மொழியும் இதனால் மாறும். பதிவு ஓடும்போது நம் வாயில் வராத சொல், பதிவு ஓடாதபோதும் வரக் கூடாத சொல்தான்.

என் பிழையும் பதிவாகிவிடுமே என்ற கூச்சம் இந்த மறுப்புகளுக்கெல்லாம் அடியில் கிடக்கிறது என்பது என் கணிப்பு. பதிவாகட்டும். ஆசிரியர் அபஸ்வரம் வந்த இடத்தில் நின்று, 'இது சரியில்லை' என்று சொல்லி மறுபடி எடுப்பதைப் பார்க்கும் மாணவர், பிழையைக் கையாளும் முறையையும் சேர்த்துக் கற்கிறார்.

நிபந்தனைகள் வேண்டும், போடுங்கள். கைபேசி மாணவரின் கையில் இருக்கக் கூடாது, ஸ்டாண்டில் நிற்க வேண்டும். முழு வகுப்பும் வேண்டாம். ஆசிரியர் வாசித்துக் காட்டும் பகுதியும், கடைசியில் மாணவர் ஒரு முறை முழுதாக வாசிப்பதும் போதும். ஆசிரியர், மாணவர், மாணவர் சிறுவர் என்றால் பெற்றோர் எல்லாரும் சம்மதிக்காமல் வெளியே போகக் கூடாது. மீறினால் வகுப்பை நிறுத்தும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. இத்தனைக்கும் சம்மதித்து வரும் மாணவரிடமும் பதிவை மறுக்கும் ஆசிரியர், அந்த மாணவரின் பாடத்துக்கு இதனால் என்ன நன்மை என்று அவரிடமே சொல்ல வேண்டும். 'எங்கள் வழக்கம் இல்லை' என்பது அதற்குப் பதில் ஆகாது.